நிலா மண்ணும் ஒரு நாற்காலியும்

மண்ணக்கா என்ற பெயர் அவளுக்கு அந்தக் கம்பெனியில் ஒட்டிக்கொண்டது. கரும்பாறையை அரைத்து, பஸ் டெப்போ அளவுள்ள கூடத்தில் முழங்கால் ஆழத்துக்குக் கொட்டியிருந்தார்கள். அதுதான் நிலா மண். தனியார் கம்பெனிகள் நிலாவுக்கு அனுப்பும் வண்டிகள் முதலில் இங்கேதான் ஓடிப் பழகும். ஓடி முடித்ததும் தடத்தை அழிப்பது அவள் வேலை. நீளக் கைப்பிடி வைத்த பலகையை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வர வேண்டும். கால் தடம் தெரிந்தால் இன்ஜினியர் பையன் முகம் சுளிப்பான்.

“நாங்க போற எடத்துல இன்னும் யாரும் நடக்கலக்கா.”

“அப்ப எனக்கு ரெக்கை கட்டி விடு தம்பி.”

அந்த மண் கண்ணாடிச் சில்லுபோல் கூரானது. மாஸ்க் போட்டாலும் பல்லிடுக்கில் நறநறக்கும். மண்ணக்காவின் கண் எப்போதும் எதிரே இருந்த தையல் அறை மேல்தான். வண்டிக்கு வெயில் தாங்கும் வெள்ளிப் போர்வை தைக்கிற அறை. வடிகட்டிய காற்று. முக்கியமாக, நாற்காலி. “அடுத்த எடம் உனக்குத்தான்” என்று சூப்பர்வைசர் சொல்லிச் சொல்லியே அவள் தோள்பட்டை இறங்கிப்போயிருந்தது.

கூடத்தில் இன்னொரு பலகை அவள் நாத்தனாருடையது. புருஷனை விட்டு வந்து நின்றவளை மண்ணக்காதான் இந்த வேலையில் சேர்த்துவிட்டாள். வந்த கொஞ்ச நாளிலேயே அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

போன வாரம் ஒரு வண்டி நிலாவில் இறங்கிய கையோடு பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. கேன்டீன் டிவி முன்னால் இன்ஜினியர்கள் கூடி நின்றார்கள். “நாலு கால் இருந்தும் விழுந்துடுச்சே. ரெண்டு காலை வச்சுக்கிட்டு நாம நிக்கல?” என்றாள் டீ ஊற்றுகிறவள். கூடத்தை மூடிவிடுவார்கள் என்று பேச்சு கிளம்பியது. நடந்தது வேறு. வண்டியை அனுப்பிய அதே கம்பெனி, வண்டி ஏறிப் பழகும் மண்மேடு இன்னும் செங்குத்தாக வேண்டும், போர்வையும் புதிதாக வேண்டும் என்றது. மண்ணக்கா மேடு கட்டினாள். தையல் அறையில் ஓர் இடம் விழுந்தது.

டீ நேரத்தில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். “நாளையிலேர்ந்து நீ அந்தப் பக்கம். சந்தோஷமா?”

சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். கூடத்துக்குள்ளேயிருந்து நாத்தனாரின் இருமல் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

“ரெண்டு எடம் இல்லையா சார்?”

“ஒண்ணே பெருசு. டாக்டர் வேற வரப் போறார். நெஞ்சு சரியில்லாதவங்கள மண்ணு வேலையில வைக்க மாட்டாங்க. வீட்டுக்குத்தான்.”

யாரைச் சொல்கிறார் என்று இருவருக்கும் தெரியும்.

“அவளையே எடுத்துக்குங்க.”

“அவ நேத்து வந்தவ.”

“அவ விரல் பொடிசு, ஊசி பிடிக்கும். என் கை மம்பட்டி.”

“அப்புறம் எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

“நிக்க எங்க சார் நேரம்? நடந்துக்கிட்டேதான இருக்கேன்.”

விஷயத்தைச் சொன்னதும் நாத்தனார் பலகையைக் கீழே போட்டாள். “என்னைத் துரத்தி விடறியா அண்ணி?”

“ஆமா. ராத்திரியெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருமற. உங்கண்ணன் குறட்டை விட்டுத் தூங்கறாரு. எனக்குத்தான் தூக்கம் போச்சு.”

“அது உன் நாற்காலி.”

“உக்காந்தா தேஞ்சிடாது. போ.”

நன்றி என்றெல்லாம் அவள் சொல்லவில்லை. “நீதான இங்க கூட்டிட்டு வந்தே” என்று மட்டும் சொன்னாள். மண்ணக்கா கீழே கிடந்த பலகையை எடுத்துச் சுவரில் சாய்த்தாள்.

மறுநாள் மேட்டை அவள் ஒருத்தியே இழுத்தாள். முன்பு இரண்டு பலகையும் சேர்ந்து போன இடத்தில் இப்போது வரப்பு மாதிரி ஒன்று எழும்பி நின்றது.

“நடுவுல கோடு தெரியுதுக்கா” என்றான் இன்ஜினியர்.

“ஆள் குறைஞ்சா தெரியத்தான் செய்யும்.”

சூப்பர்வைசர் வாசலில் நின்றார். “உன் சொந்தத்துல வேற யாராவது இருந்தா கூட்டிட்டு வாயேன். உடனே போட்டுடலாம்.”

தங்கை மகள் வேலை கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். மண்ணக்கா தையல் அறைக் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தாள். நாத்தனார் வெள்ளை அங்கியில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு யாரும் இல்ல சார்” என்றாள். கோட்டை அழிக்கப் பலகையைத் தூக்கிக்கொண்டு மறுபடி மேடேறினாள்.