விரலில் ஏறிய கறுப்பு

கவுன்சிலருக்கு அவசரம். அவர் ஓட்டுப் போடுவதைப் படம் எடுக்கப் பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், அதற்குள் தலை கறுப்பாக வேண்டும். கையுறை தீர்ந்துவிட்டது, மருந்துக்கடை திறக்கட்டும் என்று சலூன்காரி சொல்லிப் பார்த்தாள். மனிதர் கேட்கவில்லை. வெறுங்கையாலேயே டை அடித்து அனுப்பினாள்.

சலூன் அவள் கணவனுடையது. கடை வாசலில் மூடியில்லாமல் கிடக்கும் சாக்கடையில் கால் தவறி விழுந்து, எலும்பு முறிந்து அவன் படுத்ததிலிருந்து கத்தரி அவள் கைக்கு வந்தது. கவுன்சிலர் டை அடிக்க வரும்போதெல்லாம் ஒரு மூடி போட்டுத் தரச் சொல்லிக் கேட்டாள். அவரும் நாற்காலியில் சாய்ந்தபடி அடுத்த மாதம் என்பார். கிணற்றில் போட்ட கல்தான். வீட்டுக்கு வந்து அவரைத் திட்டித் தீர்ப்பாள். ஒருநாள் கணவன் கேட்டுவிட்டான்.

"போன தடவை நீ ஓட்டுப் போடவே போகலையே. இப்ப யாரைத் திட்டுற?"

சுருக்கென்று தைத்தது. வெயில், நீள வரிசை என்று சாக்குச் சொல்லிப் படுத்துக்கொண்டது அவள்தான். இந்த முறை வானமே இடிந்து விழுந்தாலும் போட்டே தீருவது என்று அன்றே முடிவு கட்டினாள்.

வாக்குச்சாவடியில் மை வைப்பவர் அவள் இடது கையைப் பிடித்ததும் நிமிர்ந்து பார்த்தார். விரல்களெல்லாம் நகம்வரை கறுப்பு. கவுன்சிலர் கட்சி ஏஜென்ட் ஒரு மீசைக்காரர். சாக்கடைக்காக அவள் போட்ட சண்டையெல்லாம் அவருக்கு அத்துப்படி. வேறெங்கோ கள்ள ஓட்டுப் போட்டுவிட்டு, மையை மறைக்க எதையோ பூசிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று ஆட்சேபம் கிளப்பினார்.

"அஞ்சு விரலும் கறுப்பா இருக்கே, அஞ்சு ஓட்டா போட்டேன்?" என்றாள்.

வரிசை சிரித்தது. தலைமை அலுவலராக வந்திருந்த டீச்சரம்மா சிரிக்கவில்லை. தப்பு நடந்தால் அவர் தலையல்லவா உருளும். கழுவிவிட்டு வரச் சொன்னார். குழாயடியில் சோப்பு, மண், செங்கல் துண்டு என்று எல்லாவற்றாலும் தேய்த்தாள், தோல்தான் உரிந்தது. ஒரு ஓட்டில் என்ன குடிமுழுகிவிடும், வீட்டுக்கு வா என்று பக்கத்து வீட்டு அக்கா இழுத்தாள். இவள் உள்ளே போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். போடாமல் நகர்வதாக இல்லை.

அப்போது பத்திரிகைக்காரர்கள் புடைசூழக் கவுன்சிலர் வந்தார். தன் முடி பரம்பரைக் கறுப்பு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவர். அது தெரிந்தும் அவள் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

"அண்ணே, இது என்ன கறுப்புன்னு டீச்சரம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க."

கவுன்சிலர் கேமராவைப் பார்த்தார், அவள் விரல்களைப் பார்த்தார். போன தேர்தலில் மயிரிழையில் கரையேறியவருக்கு ஒரு ஓட்டின் அருமை தெரியாதா?

"காலையில எனக்கு டை அடிச்ச கைம்மா அது," என்றார். "என் தலை நரைச்சு வருஷக்கணக்காச்சு."

மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நம்ம வீட்டுப் பொண்ணு, நமக்குத்தான் போடும் என்று கவுன்சிலர் சேர்த்துச் சொல்ல, சாவடிக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது என்று டீச்சரம்மா அதட்டினார். பிறகு அந்தக் கறுப்பின்மேலேயே மை வைத்து அனுப்பினார்.

மறைப்புக்குள் போனதும் அவள் கை தயங்கியது. நாலு பேர் முன்னால் தன் மானத்தை விட்டுக்கொடுத்த மனுஷனாயிற்றே என்று நெஞ்சு இளகியது. ஆனால் நன்றிக்கடனை ஓட்டில் தீர்த்தால், எலும்பு முறிந்து கிடப்பவனுக்கு யார் பதில் சொல்வது? வேறு சின்னத்தில் அழுத்தினாள்.

வெளியே கவுன்சிலர் காத்திருந்தார். போட்டாச்சா என்று கண்ணாலேயே கேட்டார். யாருக்குப் போட்டோம் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. ஆனாலும் உண்மை சொன்னவரிடம் பொய்யாகச் சிரிக்க மனம் வரவில்லை.

"உங்களுக்குப் போடலண்ணே. ஜெயிச்சாலும் தோத்தாலும் டை அடிக்க வாங்க, நல்லாவே அடிச்சு விடுறேன். வாசல்ல மட்டும் பார்த்துக் கால வைங்க."