வண்டி நிழலில் ஓர் ஓரிக்ஸ்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. அமீரகத்து அல் ஐனில் தையல் கடை வைத்திருக்கும் ஹாலிதா சொன்னது. காயல்பட்டினத்துக்காரர், கணவர் நூஹுவோடு இங்கே வந்து பத்தொன்பது வருஷம். போன சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குக் கடையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஊரோடு போய்விடுவதாக ஏற்பாடு. போகுமுன் இந்த மண்ணின் மிருகம் ஒன்றையாவது பார்த்தாக வேண்டும் என்று ஹாலிதா பிடிவாதம் பிடித்ததில், காலையிலேயே வனவிலங்குக் காப்பகத்துக்குக் கிளம்பினார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பாலைவனத்தின் மௌனம் அவர்களை—' வேண்டாம். மௌனம் எங்கே இருந்தது? நூஹு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

"இங்கெ என்ன புள்ள இரிக்கி? மணலுதானெ."

2

காப்பகத்து ஜீப்பை ஓட்டியவர் நாகர்கோவில்காரர் அருள்ராஜ். பதினொன்றரைக்குத் திடீரென்று நிறுத்தி எஞ்சினை அணைத்தார். பாதையோரம், வண்டியின் நிழல் விழுந்த இடத்தில், மணல் நிறத்தில் ஓர் ஓரிக்ஸ் குட்டி, பாலைவன மானினம், சுருண்டு படுத்திருந்தது.

"அசையாதீங்க அக்கா. குட்டிக்கும் தாய்க்கும் நடுவுல வந்து நிக்கோம்."

எதிர் மேட்டில் தாய். வெள்ளை வெளேரென்ற உடம்பு, கருத்த கால்கள், வானத்தைக் குத்துகிற இரண்டு நேர்க் கொம்புகள்.

(இங்கே அது பாய்ந்து கண்ணாடியை உடைப்பதாக ஒரு பத்தி எழுதி ஹாலிதாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்படி நடக்கலியே தம்பி. அது எவ்வளவு மரியாதையா நடந்து வந்துச்சு தெரியுமா?" என்றார். அடித்துவிட்டேன்.)

3

நடந்தது இதுதான். ஏசி நின்றுபோன வண்டியில் மூவருக்கும் வேர்த்து ஊற்றியது. நூஹு கடிகாரத்தைக் காட்டினார்.

"மணி பன்னெண்டு. யல்லா, வண்டிய எடு தம்பி."

"கொஞ்சம் பொறுங்கோ மச்சான்" என்றார் ஹாலிதா.

தாய் இறங்கி வந்தது. ஹாலிதாவின் ஜன்னலை ஒட்டி, இமைமயிர்கூடத் தெரியும்படி கடந்து போனது. குட்டி தள்ளாடி எழுந்து முட்டி முட்டிப் பால் குடித்தது. கண்ணுக்கெட்டிய வரை மரம் இல்லை. இருந்த நிழலெல்லாம் அந்த ஜீப்பினுடையதுதான்.

(ஒரு காலத்தில் வெட்டவெளியில் ஒன்றுகூட மிஞ்சாமல் அற்றுப்போய், அடைத்து வளர்க்கப்பட்டு, மறுபடி மணலுக்குத் திரும்பிய இனம் இது. இதை நான் பக்கம் பக்கமாக வியந்திருப்பேன். ஹாலிதா குறுக்கே நிற்கிறார்.)

"இனி மெதுவா எடுத்திரலாம் அண்ணே" என்று அருள்ராஜ் சாவியைத் தொட்டார்.

நூஹு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எடுக்காதெ. நெழலு போயிரும்."

4

ஒன்றேகாலுக்குத்தான் தாயும் குட்டியும் மேடேறின. கடை வாங்க வந்தவர் காத்திருந்து கோபித்துக்கொண்டு போனார். கையெழுத்து அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று.

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நூஹு மனம் மாறி— எனக்கே கூச்சமாக இருந்தது. இன்னொன்றில் விமான ஜன்னல் வழியே அவர்— அதுவும் சரிவரவில்லை.

இன்று வியாழன். நூஹு தினமும் காலையில் அருள்ராஜுக்குப் போன் போட்டு, "குட்டி இப்பொ எங்கெ நிக்கிது?" என்று கேட்கிறாராம். சனிக்கிழமை என்ன செய்வார் என்று ஹாலிதாவிடம் கேட்டேன்.

"அவுஹ போனாலும் சரி, இருந்தாலும் சரி. நான் பாத்துட்டேன் தம்பி."

இதற்குப் பிறகு முடிவு எழுத எனக்குக் கை வரவில்லை. சனிக்கிழமையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.