மேற்கே விழுந்த கல்

ஓடைப்பட்டித் தோட்டத்தில் திராட்சை அறுப்பு மும்முரமாக நடந்தது. பந்தலுக்கடியில் கொத்து வெட்டிக்கொண்டிருந்த ரோஸ்லின், கணவர் பெனடிக்ட் காலைத் தாங்கித் தாங்கி நடப்பதைப் பார்த்துவிட்டாள். பந்தல் கம்பி கிழித்த புண். காய்ச்சல் வந்ததும் மெடிக்கலில் கேட்டு வாங்கிய மாத்திரையை இரண்டு வேளை போட்டார். காய்ச்சல் விட்டதும் மீதியைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். கொடிக்கு மருந்தடிப்பதில் ஒரு தவணை தப்பாத மனுஷன், தன் காலுக்கு மட்டும் கஞ்சனாகிவிட்டார்.

“வேட்டியத் தூக்குங்க, பாப்போம்.”

“ஒண்ணுமில்ல புள்ள. லோடு போகட்டும்.”

முழங்கால்வரை வீங்கிச் சிவந்திருந்தது. போட்டது போட்டபடி அவரைத் தேனிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாள்.

“கால எடுக்க வேண்டி வந்தாலும் வரலாம்” என்றார் டாக்டர் ஓவியா.

“மாத்திர போட்டேனே, டாக்டரம்மா?”

“பாதியில விட்டீங்கல்ல? சாகாத கிருமி உள்ளயே பெருகிருச்சு. அது தன் தோல்லருந்து குட்டிக் குட்டிக் குமிழாக் கழட்டி விடும். குமிழுக்கு உயிர் கிடையாது, ஆனா உள்ள விஷம் இருக்கும். நம்மளக் காக்குற வெள்ளை அணு கிருமின்னு நெனச்சு அத முழுங்கிச் சாகும். நெசக் கிருமி தப்பிச்சுக்கிரும்.”

அந்தப் பயத்திலும் ரோஸ்லினுக்குப் பழசு நினைவு வந்தது. அப்போது தோட்டம் அவள் அப்பா இருதயத்துடையது. கிளி விரட்டத் தகரம் தட்டிக்கொண்டிருப்பார். மேற்கு மூலையில் கல் விழும். “ஏலே, எவன்டா அங்கன?” என்று அவர் ஓடுவார். கல்லை எறிந்த கையோடு கிழக்கு வேலியைத் தாண்டி, பல்லெல்லாம் தெரிய பெனடிக்ட் வந்து நிற்பான். பழம் தின்றது கொஞ்சம், அவளைப் பார்த்து நின்றதுதான் அதிகம். பாவம் அப்பா, கடைசிவரை கல்லைத்தான் தேடினார். அந்த நாளெல்லாம் இன்றைக்கும் தித்தித்தது. வேலி தாண்டிய அந்தக் காலையா வெட்டப் போகிறார்கள்?

“எங்கப்பாவ ஏச்ச வித்தையில இப்ப நீங்களே ஏமாந்துட்டீகளே!” என்று அழுதாள். பெனடிக்டுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கால் தப்பியது. இந்த முறை கடைசி மாத்திரைவரை விடாமல் போட்டார். அவர் வீடு திரும்பியது தெரிந்து, பக்கத்துத் தோட்டத்து வேல்பாண்டி வந்து நின்றான்.

“அண்ணே, காய்ச்சலாக் கெடக்கு. டப்பாவுல மாத்திர மிச்சம் வச்சிருந்தீகளே?”

“மிச்சம் வச்சதுதான்டா தப்பு. என்ன காய்ச்சல்னு டாக்டர்தான் சொல்லணும். அவுக குடுத்தத முடியிறவரைக்கும் போடணும். கல்லு விழுற சத்தம் அடங்குனா திருடன் போயிட்டான்னு அர்த்தமில்ல” என்ற பெனடிக்ட், மனைவியைப் பார்த்தார்.

“நான் போனதேயில்லடா. வேணும்னா இவளக் கேளு.”