மூன்றாவது வளைவு

தையல்காரர் உருட்டிய டயர் அவர் பேச்சைக் கேட்காமல் புல்லுக்குள் இறங்கி ஓடியது. துரத்திப் பிடிப்பதற்குள் வெள்ளைச் சட்டை கரியாகிவிட்டது. கத்தரிக்கோலைவிடக் கனமான எதையும் தூக்கிப் பழகாத மனிதர். மோட்டார் பந்தயத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அக்கா அனுப்பித்தான் வந்திருந்தார்.

"விடியறப்பவே இடது கை மரத்துப்போச்சுங்கறார்டா உங்க அத்தான்" என்று காலையில் வாசலிலேயே மறித்துச் சொன்னாள் அக்கா. "டாக்டர்கிட்ட வாங்கன்னா, கிளப்புல வேலை இருக்குங்கறார். மத்தியானத்துக்குள்ள எப்படியாவது இழுத்துட்டுப் போயிடு. உன்னைத்தான் நம்பியிருக்கேன்."

மறுநாள் பந்தயம். கூலி வாங்காமல் வந்த மோட்டார் கிளப் ஆட்கள் பந்தயப் பாதையில் ஆளுக்கொரு மூலையில் கோடு போட்டுக்கொண்டும் வேலி கட்டிக்கொண்டும் இருந்தார்கள். அக்கா புருஷனுக்கு இங்கே கொடிக்காரர் என்று பெயர். பந்தய நாளில் மூன்றாவது வளைவில் நின்று கொடி காட்டுவது அவர்தான். வண்டி மோதினால் தாங்குவதற்கான அந்த வளைவின் டயர் சுவரை வேறு யாரையும் கட்ட விடமாட்டார்.

"அத்தான், கிளம்பலாமா?"

"இந்த வரிசையக் கட்டிட்டு வந்துடறேன் மாப்ளே."

"வந்ததுலேர்ந்து இதத்தான் சொல்றீங்க. அக்கா என் தோலை உரிச்சுடுவா."

"உன் தோலைத்தானே?" என்று அத்தான் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று. உதடு வெளுத்திருந்தது. வெயில் ஏறாத நேரத்திலேயே நெற்றியில் வியர்வை கொட்டியது.

"போட்டது போட்டபடி கிடக்கட்டும், வாங்க" என்று தையல்காரர் அவர் கையைப் பிடித்தார். கை சில்லென்றிருந்தது.

"கயிறு தொளதொளன்னு இருந்தா, நாளைக்கு எவன் பெத்த பிள்ளையோ வந்து மோதுவான். இன்னும் ஒரே முடிச்சுதான். நீ போய் வண்டிய எடுத்துட்டு வா. சத்தியமா ஏறிக்கறேன்."

புல்வெட்டும் இயந்திரம் இரைச்சலோடு நெருங்கியது. அத்தான் சத்தத்தை அடைக்கும் பெரிய கவசத்தை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். அதற்குமேல் யார் பேசி என்ன பயன்? தையல்காரர் வண்டியை எடுக்க ஓடினார்.

வேலியோரம் வண்டியை நிறுத்தியபோது அத்தான் டயர் சுவரின் மேல், கொடிக் கம்பத்தில் சாய்ந்து, பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முடிச்சு போட்டாகியிருந்தது.

"அத்தான்!"

திரும்பவில்லை.

"கவசத்த மாட்டிட்டார்னா இடி விழுந்தாலும் கேக்காது அண்ணே!" என்று கோடு போடுகிறவர் பாதைக்கு அப்பாலிருந்து கத்திச் சிரித்தார். பந்தயத்தைக் கண்காணிக்கும் கோபுரத்தின் உச்சியில் ஒருவர் ஒலிபெருக்கிகளைச் சோதிக்கத் தொடங்கியிருந்தார். "ஒண்ணாவது வளைவு, கேக்குதா?" அங்கே யாரோ கையை உயர்த்தினார்கள்.

நம்மை ஆளாகவே மதிக்கவில்லையே இந்த மனிதர் என்று தையல்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இன்றைக்குத் தூக்கிக்கொண்டாவது போவது என்ற முடிவோடு வேலியைத் தாண்டிப் போய் அத்தானின் தோளைத் தொட்டார்.

அத்தான் அப்படியே அவர்மேல் சரிந்தார். பாரம் முழுதும் வந்து இறங்கியது. பாதி திறந்திருந்த கண்களில் வெயில் நேராக விழுந்தும் இமை அசையவில்லை. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். ஐயோ அக்கா, உனக்கு நான் என்ன பதில் சொல்வேன்!

கீழே விழுந்துவிடாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டு, "யாராவது வாங்களேன்!" என்று அலறினார். மறுபடி எழுந்த இயந்திர இரைச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை.

தலைக்குமேல் ஒலிபெருக்கி கரகரத்தது. "மூணாவது வளைவு. என்ன கொடிக்காரரே, மச்சினன் தோள்ல சாஞ்சு தூக்கமா? நான் பேசறது கேக்குதுன்னா கையத் தூக்குங்க."

பாதை நெடுகச் சிரித்தார்கள்.

தையல்காரர் இன்னொரு கையை எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு உயர்த்தி, விரல்களை விரித்து ஆட்டினார்.

"ஆங், கேக்குது, கேக்குது. நாலாவது வளைவு" என்றது ஒலிபெருக்கி.

அவர் கையை இறக்கவில்லை.