பழைய வாடிக்கையாளர் விலை

பதினோரு வருடமாக ஒரே கம்பெனியின் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கும் ஏமாளி நான். என் தொழிலில் மற்றவர்கள் திருட்டுப் பிரதியை வைத்தே ஜாம் ஜாமென்று பிழைக்கிறார்கள். தொலைக்காட்சித் தொடர்களுக்குப் பின்னணி இசை போடுவது என் வேலை. நாற்பது பேர் உட்கார்ந்து வாசிக்க வேண்டிய வாத்தியக் குழு, என் படுக்கையறை மூலையில் ஒரு கணினிக்குள் அடங்கிக் கிடக்கிறது. யார் யாரோ எப்போதோ ஒவ்வொரு சுரமாக வாசித்துப் பதிவுசெய்ததை நான் கீபோர்டில் தட்டித் தட்டிக் கோக்கிறேன்.

அந்த யார் யாரோவில் ஒருவன் என் அண்ணன். பெரிய வயலின் மாதிரி இருக்கும் செல்லோவை வாசிப்பான். ஒரே சுரத்தை மெதுவாக, ஓங்கி, இழுத்து, வெட்டி என்று மூன்று நாள் வாசித்துவிட்டு வந்தவன், "ஒரு பாட்டுகூட வாசிக்கல. ஒண்ணாங்கிளாஸ்ல எழுத்துக்கூட்டிப் படிச்ச மாதிரி இருக்கு" என்றான். போன வருடம் மாரடைப்பில் போய்விட்டான். எனக்கு அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. உள்ளே ஏதோ மரத்துப்போய்க் கிடக்கிறது, அவ்வளவுதான்.

அண்ணி இப்போது என்னோடுதான் இருக்கிறார். தினமும் மாலை ஏழரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவார். தொடர் அவருக்குப் பிடிக்காது. "அந்த மாமியார் கண்ணை உருட்டுறத எவன் பார்ப்பான்?" என்று திட்டிக்கொண்டே பார்ப்பார். செல்லோ வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். அண்ணனின் சுரங்களைக் கணினியில் எப்படிக் கோக்கிறேன் என்று ஒருமுறை விளக்கினேன்.

"அப்ப அவரு வாசிக்காததையும் இப்ப வாசிக்க வைக்கலாமா?" என்று கேட்டார்.

"வைக்கலாம் அண்ணி. தினமும் அதைத்தான் செய்யறேன்."

அன்றிலிருந்து தேவையிருக்கிறதோ இல்லையோ, ஒவ்வொரு அத்தியாயத்திலும் அண்ணனை இரண்டு நிமிடமாவது வாசிக்க வைத்தேன். அண்ணியும் அந்த இரண்டு நிமிடத்துக்காகவே பகல் முழுவதும் நடமாடிக்கொண்டிருந்தார்.

போன வாரம் இயக்குநர் கூப்பிட்டு, வில்லன் வரும்போது என் ட்ரம்பெட்டுகள் குக்கர் விசில் மாதிரி இருப்பதாகச் சொன்னார். புதிய பதிப்பில் நல்ல ட்ரம்பெட் இருந்தது. புதிதாக வாங்குபவர்களுக்கு முழு விலை. எனக்கு 'எங்கள் விசுவாசமுள்ள வாடிக்கையாளரே' என்று தொடங்கும் கடிதமும் பாதி விலையும். கீழே நிபந்தனைகளோடு ஒரு சின்னக் கட்டம். இதற்கு முன் நான்கு முறை அதில் டிக் போட்டிருக்கிறேன், ஒருமுறையும் படித்ததில்லை. ஒவ்வொரு முறையும் பழைய வாத்தியங்கள் அப்படியே இருக்க, புதியவை பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். பழகிய கை, இந்த முறையும் டிக் போட்டுவிட்டது.

நேற்றுக் காலை புதிய பதிப்பில் மூன்று காட்சிகளை முடித்தேன். நான்காவதில், கதைப்படி மகள் பெட்டி கட்டுகிறாள்; அதற்குச் செல்லோ போட்டேன். அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. வில்லை நரம்பில் வைக்கும் முன் லேசாக மூச்சை இழுப்பான். அது பதிவிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. நேற்று அது கேட்கவில்லை. முதல் மூன்று காட்சிகளையும் திரும்பப் போட்டேன். அவற்றிலும் இல்லை. செல்லோ என்ற அதே பெயரில் வேறு யாரையோ வாசிக்க வைத்திருக்கிறார்கள். காலையெல்லாம் எவனோ வாசித்திருக்கிறான், எனக்கு உறைக்கவே இல்லை.

கம்பெனிக்கு போன் செய்தேன்.

"பாதி விலைக்கு வாங்கினா பழைய லைசென்ஸ சரண்டர் பண்ணணும் மேடம். நீங்க டிக் பண்ணியிருக்கீங்க" என்றது ஒரு பெண் குரல்.

"மீதிப் பணத்தையும் கட்டிடறேன். பழசத் திருப்பிக் குடுங்க."

"சரண்டர் பண்ணா அதோட முடிஞ்சுது மேடம். பழைய வெர்ஷன் விக்கிறதும் இல்ல. ஃபைல் எல்லாம் உங்க டிஸ்க்லதான் இருக்கும், ஆனா திறக்காது."

"எங்க அண்ணன் வாசிச்சதும்மா அது."

"நீங்க எங்களோட பதினோரு வருஷக் கஸ்டமர் மேடம். அடுத்த அப்கிரேடுக்கு இன்னும் பத்து சதவீதம் குறைச்சுத் தரச் சொல்லி எழுதறேன்" என்றாள். பாவம், அவள் கையில் இருந்தது அவ்வளவுதான். அவளைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டும். அனுப்பிவிட்டேன். அண்ணியிடம் எப்படிச் சொல்வது என்று மாலைவரை யோசித்தேன். அவராகவே கண்டுபிடித்து என்னைக் கிழிகிழியென்று கிழிக்கட்டும், அதுவாவது எனக்கு உறைக்கட்டும் என்று ஏழரைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மகள் பெட்டி கட்டினாள். செல்லோ வந்தது. அண்ணி புடவைத் தலைப்பை விரலில் சுற்றியபடி கண்ணை மூடிக்கொண்டார். காட்சி முடிந்து விளம்பரம் வந்த பிறகுதான் திறந்தார்.

"இன்னிக்கு உங்க அண்ணன் ரொம்ப நல்லா வாசிச்சிருக்காரு. முன்னவிட நல்லாருக்கு."

அழுகை வரும் என்று காத்திருந்தேன். அப்போதும் வரவில்லை.

"நாளைக்கும் வாசிப்பாரா?" என்று கேட்டார்.

"வாசிப்பான் அண்ணி" என்றேன்.