தகரக் கூரையும் மத்தியான ஜெபமும்

தங்கச் சுரங்கத்து ஆட்கள் குடியிருந்த கோரமண்டல் லைனுக்கு அந்த வருஷம் வெயில் வந்தது என்று சொன்னால் போதாது. மூட்டை முடிச்சோடு வந்து குடியே ஏறிவிட்டது. பங்குனி பாதி கழிவதற்குள் குடிசைகளின் தகரக் கூரை கை வைத்தால் சுட்டது. பகலில் உள்ளே இருப்பதும் களிப் பானைக்குள் இருப்பதும் ஒன்றுதான். மத்தியானத்தில் மேகம் கூடும். லைன் முழுவதும் அண்ணாந்து பார்க்கும். ஒரு சொட்டு விழாது. புழுக்கத்தை மட்டும் இறக்கி வைத்துவிட்டு மேகம் தன் வழியே போய்விடும்.

“மேலேந்து வராத தண்ணி எல்லாம் நம்ம முதுகுலேந்து வருது” என்பாள் பக்கத்து வீட்டுத் தங்கம்மா, முந்தானையைப் பிழிந்துகொண்டே. பெண்கள் வேர்க்குருவைச் சொறிந்துகொண்டு சிரிப்பார்கள்.

லூயிசாவும் சிரிப்பாள். ஆனால் அவளுடைய சிரிப்பு பாதியில் நின்றுவிடும். அவள் புருஷன் ஏனோக்குக்குச் சுரங்கத்தில் ராத்திரி ஷிஃப்ட். பகலில்தான் தூங்கவேண்டும். அந்தத் தகரத்தின் கீழே தூக்கம் எங்கே வரும்?

பாறையில் துளை போடும் இரும்புக் கம்பியை அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஏனோக்கின் வேலை. தங்கம்மாவின் புருஷன் தசரதன் எதிரே நின்று சம்மட்டியால் அதன் தலையில் அடிப்பான். சுரங்கத்தின் ஆழத்திலும் ஆவி பிடிப்பதுபோல் ஒரே புழுக்கம்தான். போன வாரம் ஏனோக் கம்பியைப் பிடித்தபடியே கண் அயர்ந்துவிட்டான். கம்பி சாய்ந்தது. சம்மட்டி அவன் விரல்களை உரசிக்கொண்டு பாறையில் போய் விழுந்தது. அடித்த தசரதன் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான். மேஸ்திரி, “இன்னொரு தபா கண்ணை மூடினே, கீழே எறக்குற கேஜ் பக்கமே வராதே” என்று சொல்லி அனுப்பினார்.

லூயிசாவுக்கு வேலையைவிடக் கைதான் பெரிதாக இருந்தது. வேலை இன்னொன்று கிடைக்கும். கை கிடைக்குமா?

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். சாக்குகளை நனைத்துக் கூரைமேல் போட்டாள். அடுத்த குடம் தண்ணீருக்கு அவள் வரிசையில் நிற்கும்போதே அவை அப்பளமாகக் காய்ந்துபோயின. வேப்பமரத்தடியில் பாய் விரித்துப் படுக்கவைத்தாள். ஆடு வந்து அவன் துண்டில் பாதியைத் தின்றுவிட்டது.

“ஆடு என்னை எழுப்பலைமே. அது பாட்டுக்கு மரியாதையாத்தான் துன்னுச்சு. நான்தான் எழுந்துகினேன்” என்றான் ஏனோக். அவனுக்கு எதிலும் கோபமே வராது. கண்கள் மட்டும் மிளகாய்ப் பழம்போல் சிவந்திருந்தன.

அந்தச் சனிக்கிழமை கோயிலைப் பெருக்குவது லூயிசாவின் முறை. சபையார் தாங்களே மண் குழைத்துக் கட்டிய சின்னக் கோயில் அது. சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம், மேலே ஓடு. உள்ளே கால் வைத்ததும் உள்ளங்கால் ஜில்லென்றது. அந்தக் குளுமையை முந்தானையில் முடிந்துகொண்டு போக வழியில்லையே என்று விளக்குமாறும் கையுமாக அவள் நின்றுவிட்டாள்.

ஆனால் ஜெயகரன் உபதேசியார் ஆராதனை நேரம் தவிரக் கதவைத் திறக்கமாட்டார். போன வருஷம் சில பேர் வெயிலுக்கு ஒதுங்குகிறோம் என்று உள்ளே புகுந்து சீட்டாடிவிட்டார்கள். அன்றைக்குப் போட்ட பூட்டு. கர்த்தருடைய வீட்டில் என் புருஷன் தூங்கட்டும் என்று அவரிடம் கேட்க லூயிசாவுக்கு நா எழவில்லை.

தவக்காலமான லெந்து நாட்கள் என்பதால் தினமும் மத்தியானம் ஜெபம் உண்டு. வயதான பெண்கள் இரண்டு மூன்று பேர்தான் வருவார்கள். திங்கட்கிழமை லூயிசா ஏனோக்கை இழுத்துக்கொண்டு போனாள்.

“இன்னாமே இது, ஞாயித்துக்கிழமைக்கே நான் ஒயுங்கா வர்றதில்லை.”

“வாங்க சொல்றேன். செவுத்தோரமா குந்திகினு தலையைக் குனிஞ்சிகோங்க. உபதேசியார் பாத்தா ஜெபம்னு நெனச்சிக்குவார்.”

“ஆண்டவரு?”

“அவருக்குத் தெரியும்.”

முதல் கீர்த்தனை முடிவதற்குள் ஏனோக் தூங்கிவிட்டான். நல்லவேளை, குறட்டை இல்லை. அதற்காக லூயிசா கடவுளுக்கு நன்றி சொன்னாள்; பிறகு நன்றி சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் தங்கம்மா வந்து நின்றாள். “ஏண்டி லூயிசா, உங்க சாமி எங்காளை உள்ள விடுமா? நான் விசிறி விசிறி என் கை கழண்டுபோச்சு.”

தசரதனும் வந்தான். அவனைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரன் வந்தான். வாரக் கடைசிக்குள் ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள் ஒரு வரிசையே சுவரில் சாய்ந்து தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஜெயகரன் உபதேசியார் நல்ல மனிதர். தமக்குப் பேச வராது என்பது அவருடைய நெடுநாள் வருத்தம். இப்போது இத்தனை முரட்டு ஆண்கள் தம் சொல்லுக்குத் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு அவர் கண் கலங்கியது. மகிழ்ச்சியில் பிரசங்கத்தை நீட்டினார். அவர் நீட்ட நீட்ட லூயிசாவுக்குச் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை அவர், நடுவழியில் படுத்துவிட்ட ஒரு வண்டி மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சோம்பல் ஆத்துமாவைக் கெடுக்கும் என்பதற்காக எடுத்த கதை. வண்டிக்காரன் மாட்டை என்ன செய்தான் என்று சொல்லுமுன் நிறுத்தி, புன்னகையோடு, “இப்போது நம் சகோதரன் ஏனோக் எழுந்து ஜெபிப்பார்” என்றார்.

ஒருவரும் எழவில்லை.

லூயிசா எட்டிக் கிள்ளினாள். ஏனோக் கண்ணைத் திறக்காமலே, “அடி தசரதா, அடி. கெட்டியா புடிச்சிருக்கேன்” என்றான். அந்தக் குரலுக்குத் தசரதன் பதிலாக ஒரு குறட்டை விட்டான். விட்டவன் மெல்லப் பக்கத்து ஆள்மேல் சாய, அவன் அடுத்தவன்மேல் சாய, வரிசை முழுவதும் அடுக்கிய மூட்டைகள் போலச் சரிந்தது. அப்போதும் யாரும் விழிக்கவில்லை.

உபதேசியாரின் முகம் வாடிப்போயிற்று. லூயிசா எழுந்து நின்றாள்.

“தப்பு எம்மேலதான் ஐயா. தகரத்துக்குக் கீய அவருக்குத் தூக்கமே இல்லை. அன்னிக்கு சுரங்கத்துல கை போயிருக்கும். அதான் இட்டாந்தேன்.”

“என் பேச்சைக் கேக்க வந்தாங்கன்னு நெனச்சேம்மா” என்றார் உபதேசியார்.

“உங்க பேச்சுலதான் ஐயா அவருக்குத் தூக்கமே வருது. அம்மாம் பதமான கொரலு.”

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். உபதேசியார் அவளைப் பார்த்தார்; பிறகு சரிந்து கிடந்தவர்களைப் பார்த்தார். சம்மட்டி பிடித்துக் காய்ப்புக் காய்த்த கைகள், திறந்த வாய்கள், வேர்க்குரு வெடித்த கழுத்துகள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டை வாயில் வைத்து, குலுங்கிக் குலுங்கி, சத்தம் வராமல் சிரித்தார். பிறகு புத்தகத்தை மூடாமலே, கிசுகிசுவென்று பிரசங்கத்தைத் தொடர்ந்தார்.

“ஐயா, காதுல உயலை!” என்று முன்னால் இருந்த கிழவி கத்தினாள்.

“உஷ்! உனக்கு வீட்டுக்கே வந்து சொல்றேன்” என்றார் உபதேசியார்.

ஒருவரையும் எழுப்பாமல் அவர் காத்திருந்தார். சாயங்காலம் ஒவ்வொருவராக விழித்து, எங்கே இருக்கிறோம் என்று தெரிந்து, திருதிருவென்று விழித்தார்கள். லூயிசா எல்லோருக்கும் நீராகாரம் ஊற்றினாள். தசரதன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உபதேசியார் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டே, “சாமி, கண்ணு சொருகறப்ப சொன்னீங்களே, அந்த மாடு இன்னா ஆச்சு?” என்று கேட்டான்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தூங்கித் தெளிந்த கண்கள். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சபை அவருக்கு வாய்த்ததில்லை. எழுதி வைத்திருந்த முடிவு அவர் மனசுக்கு வந்தது. அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“வண்டிக்காரன் அதை அடிக்கலைப்பா. நுகத்தைக் கழட்டி நெழல்ல படுக்க வெச்சான். பொழுது சாஞ்சதும் அதுவே எழுந்திடுச்சு.”

“நல்ல ஆளு” என்றான் தசரதன் திருப்தியோடு.

மறுநாள் காலையில் ஏனோக் வீட்டுக்கு வந்தபோது லூயிசா வழக்கம்போல் முதலில் அவன் கைகளைத்தான் பார்த்தாள். பத்து விரலும் அழுக்காக, முழுசாக இருந்தன.

“இன்னிக்கும் கோயில் தொறப்பாரா?” என்றான் கூச்சத்தோடு.

“கோடை முடியறவரைக்கும் பகல்ல பூட்டே இல்லையாம். ஆனா ஒரு கண்டிசன் போட்டிருக்கார்.”

“இன்னா?”

“ஞாயித்துக்கிழமை முயிச்சிகினு வரணுமாம்.”

ஏனோக் தலையைச் சொறிந்தான். “பிரசங்கம் மாட்டுக் கதை அளவுக்கு இருந்தா வர்றேன்னு சொல்லு.”

லூயிசா போய் அப்படியே சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை கோரமண்டல் கோயிலில் பிரசங்கம் சீக்கிரமே முடிந்துவிட்டது. ஒருவரும் தூங்கவில்லை.