புரட்டாசி விரால்

என் தம்பி வினோத்குமாருக்கு மீன் பிடிக்கத் தெரியும் என்பதே அவன் பிரான்சுக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. குருசுக்குப்பத்துக் கடலோரத்தில் வளர்ந்தவன். இங்கே இருந்தவரைக்கும் ஒரு நண்டைக்கூடப் பிடித்ததில்லை. பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினான். அடுத்த வருஷமே ஏதோ ஓர் அணைக்கட்டின் கரையில், தொப்பி போட்டுக்கொண்டு, உடம்பெல்லாம் புள்ளி வைத்த ஒரு மீனைத் தூக்கிக் காட்டுகிற படம் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்தது. ட்ரவுட்டாம். அவன் வாயைக் குவித்து "த்ரூய்த்" என்பான். எனக்கு அது யாரோ காக்கையை விரட்டுவதுபோலக் கேட்கும்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் படம். பிடித்த மீனுக்கு முத்தம் கொடுத்து, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவானாம்.

"அதுக்கு ஏன்டா புடிக்கிற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது ஸ்போர்ட்டு, அக்கா. உனக்குப் புரியாது" என்றான். வஞ்சிரத்தை விலை கேட்டுவிட்டு நெத்திலி வாங்கி வருகிறவளுக்கு அதெல்லாம் எங்கே புரியும்.

போன வருஷம் வக்கான்ஸுக்கு, அதாவது லீவுக்கு, வந்தபோது, தன்னுடைய பழைய தூண்டில் ஒன்றை என் வீட்டுக்காரர் ராஜாங்கத்திடம் கொடுத்தான். மடக்கினால் ஒரு முழம், நீட்டினால் ஆளைவிட உயரம். கூடவே ஒரு டப்பா நிறைய, இறகு கட்டிய பொய்ப்பூச்சிகள்.

"சும்மா வச்சிக்குங்க மாமா. அடுத்த தீபாவளிக்கு வருவேன். அதுக்குள்ள ஒரு மீனாவது புடிச்சிக் காட்டுங்க. இல்லன்னா வாங்கிக்கினு போயிடுவேன்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தான். இவரும் சிரித்தார். வேலை பார்த்த மில்லை மூடியபோதும் இப்படித்தான் சிரித்தார். தூண்டில் வந்த அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறே ஆரம்பித்துவிட்டார். ரெட்டியார்பாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, வில்லியனூர் தாண்டி ஓர் ஏரிக்குப் போவார். ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருந்த அம்மாவாசையிடம் முறையாக அனுமதி கேட்டாராம். அம்மாவாசை தூண்டிலைப் பார்த்து, டப்பாவைத் திறந்து இறகுகளைப் பார்த்து, கடைசியில் இவரையும் பார்த்துவிட்டு, "தாராளமா புடிங்க சார், என் ஏரிக்கு ஒரு கொறையும் வராது" என்றாராம். இதை என்னிடம் வந்து பெருமையாக வேறு சொன்னார்.

சொன்னபடியே ஏரிக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆகாயத்தாமரை சிக்கியது. யாரோ விட்டுப்போன செருப்பு சிக்கியது. ஒருமுறை அவருடைய சட்டைக் காலரே சிக்கியது. "மசாலா அரைச்சி வச்சிட்டேன், மீன் எங்க?" என்று நான் வாசலிலேயே மறித்துக் கேட்பேன். சாயங்காலம் வீடியோ காலில் தம்பி வருவான். "என்ன மாமா, இன்னிக்கும் ஏரி லீவா?"

"விரால் ஒண்ணு இருக்குது வினோத்து. பாத்து வச்சிருக்கேன்" என்பார் இவர், பெண் பார்த்து வைத்திருப்பவர் மாதிரி.

புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் அந்த மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது. இந்த வருஷம் என் நாத்தனார் அமிர்தவல்லி, தன் மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று குடும்பத்தோடு விரதம் வேண்டிக்கொண்டிருந்தாள். குழுவிலும் போட்டிருந்தாள். இனி ஒரு மாதம் ஏரிப் பக்கம் போகக் கூடாது, மீனுக்கும் ஓய்வு வேண்டாமா என்றார் இவர். அது ஒரு வருஷமாக ஓய்வில்தானே இருக்கிறது என்றேன் நான்.

மூன்றாவது சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். அவர் நெற்றியில் பளிச்சென்று நாமம், இடுப்பில் மடிப்புக் கலையாத வேட்டி. ஸ்கூட்டர் வீட்டுப் பக்கம் திரும்பாமல் ஏரிப் பக்கம் திரும்பியது. தூண்டில் எப்போதும் டிக்கியில்தான் இருக்கும்.

"என்னங்க இது, இன்னிக்கிப் போயி?"

"புடிக்கறதுக்கு இல்ல கலா. சும்மா நாலு வீச்சு. கைப்பழக்கம் விட்டுடும்."

"புடிச்சிடுவீங்கன்னு நான் பயப்படலியே" என்றேன்.

கரையில் நின்று வீசினார். இரண்டாவது வீச்சு தண்ணீரில் விழுந்ததுதான் தாமதம், தூண்டில் வில்லாக வளைந்தது. மனிதர் வேட்டியோடு சேற்றில் இறங்கிவிட்டார். "உடாதீங்க, உடாதீங்க!" என்று நான் கத்திய கத்தலில் மரத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்தன. விரதக்காரி கத்துகிற கத்தலா அது.

விரால்தான். கன்னங்கரேலென்று, என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும் இருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சேற்றில் மண்டியிட்டிருந்தார். நான் போனை எடுத்தேன்.

"எடுக்காத கலா."

"ஏங்க? ஒரு வருஷமா இதுக்குத்தான..."

"நாமம் போட்டுக்கினு இருக்கேன். அமிர்தா பாத்தா மனசு ஒடிஞ்சிடுவா. பொண்ணுக்காக இருக்கற விரதம்."

"ஒரு நிமிஷம் நாமத்த அழிச்சிட்டு நில்லுங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே போனைப் பைக்குள் வைத்துவிட்டேன். மெதுவாக முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீரில் விட்டார். முத்தமெல்லாம் கொடுக்கவில்லை, அது பிரான்ஸ் மீனுக்கு மட்டும்தான் போலிருக்கிறது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மனிதர்மேல் அவ்வளவு ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் வழக்கம்போல வீடியோ கால். போனைப் பெருமாள் படத்தின்மேல் சாய்த்து வைத்திருந்தேன். தம்பி தன்னுடைய த்ரூய்த்தைக் காட்டி முடித்தான்.

"தீபாவளி வந்துடுச்சி மாமா. தூண்டிலத் தொடச்சி வையுங்க, எடுத்துக்கறேன்."

"எடுத்துக்க வினோத்து" என்று இவர் சிரித்தார். அதே சிரிப்பு. தூண்டிலை எடுக்க எழுந்தும் போய்விட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எப்பிடிடா எடுப்ப? மாமாதான் விரால் புடிச்சிட்டாரே."

"எப்பக்கா?"

"ஆவணி கடைசி ஞாயித்துக்கெழம."

"போட்டோ?"

"கொழம்பு கொதிக்கும்போது யார்ரா போட்டோ எடுத்துக்கினு நிப்பாங்க? வேணும்னா சட்டிய எடுத்துக் காட்டறேன்."

புரட்டாசி மாதத்தில், பெருமாள் முகத்துக்கு நேராக, மளமளவென்று வந்தது எனக்கு.

"சரி, எவ்ளோ பெருசு?" என்றான் நம்பாமல்.

கையை விரித்துக் காட்டினேன்.

"அக்கா, உன் கை ரெண்டும் ஸ்க்ரீன்ல தெரியலியே."

"தெரியாதுடா. அவ்ளோ பெருசு."

தூண்டிலோடு திரும்பி வந்தவர் கதவோரம் நின்று என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் அதில் பாதிகூட இல்லை என்று அவருக்குத் தெரியும். நான் கையை இன்னும் கொஞ்சம் விரித்தேன்.